சின்ன எண்ணின் பொய்க் கணக்கு: கனரகப் பெட்ரோல் பிக்கப்பும் பின் அச்சு விகிதமும்

பின் அச்சின் உள்ளே கிரவுன் வீலில் 41 பல்லும் பினியனில் 11 பல்லும் இருந்தால் விகிதம் 3.73. பினியனில் ஒரு பல் குறைந்து 10 ஆனால் விகிதம் 4.10. சக்கரம் ஒருமுறை சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் முன்னதில் மூன்றேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகவும் பின்னதில் நான்கு சுற்றுக்குச் சற்று அதிகமாகவும் சுற்ற வேண்டும். அமெரிக்காவில் கனரகப் பிக்கப் வாங்குபவர் பலர் இந்த ஒற்றைப் பல்லைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். 6.4 லிட்டர் ஹெமி பெட்ரோல் எஞ்சின் பூட்டிய ராம் 2500 வண்டிக்கு 3.73, 4.10 என இரண்டு விகிதங்கள் உண்டு. ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் 7.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 3.55, 3.73, 4.30 என மூன்று.

இந்தத் தேர்வைப் பற்றி வாங்குபவரிடமும் விற்பவரிடமும் ஒரே கருத்துதான் புழங்குகிறது. சின்ன எண்ணை எடுத்தால் பெட்ரோல் மிச்சம்; பெரிய எண் எஞ்சினை வீணாகச் சுழற்றிக் குடிக்கும்; எட்டு கியர், பத்து கியர் வந்துவிட்ட பிறகு அச்சு விகிதத்தைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியதில்லை; 4.10, 4.30 எல்லாம் நாள் முழுக்க உச்ச எடை இழுப்பவருக்கு மட்டும். இந்த நான்கில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நான்கையும் கூட்டி வரும் முடிவு மட்டும், டிரெய்லர் இழுக்கும் பெட்ரோல் வண்டியைப் பொறுத்தவரை, தவறு.

இந்த நம்பிக்கை ஒரு காலத்தில் சரியாகவே இருந்தது. 1970களின் அமெரிக்கப் பிக்கப்புகளில் இருந்த தானியங்கிக் கியர்பாக்ஸ்கள், ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமாட்டிக் 400, ஃபோர்டின் சி6, கிரைஸ்லரின் 727 மூன்றுமே, மூன்று கியர் கொண்டவை. மூன்றிலும் உச்ச கியர் நேர் விகிதம், அதாவது 1.00. ஓவர்டிரைவ் கிடையாது. அக்காலத்து 30 அங்குல டயரோடு 4.10 அச்சு பூட்டிய வண்டி மணிக்கு 105 கிலோமீட்டரில் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்று சுற்றும். சும்மா போகும் வண்டிக்கு அது அதிகம். பெட்ரோல் விலை ஏறிய அந்த ஆண்டுகளில் சின்ன விகிதத்தைத் தேடியவர் புத்திசாலிதான்.

இன்றைய ராம் 2500 வண்டியின் நிலை வேறு. 2019இல் வந்த எட்டு கியர் பெட்டியில் உச்ச கியர் 0.67. வழக்கமான 275/70 ஆர்18 டயரின் விட்டம் 33 அங்குலத்துக்கு மேல். அதே 105 கிலோமீட்டரில் 3.73 அச்சு எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 1,645 சுற்றிலும், 4.10 அச்சு சுமார் 1,805 சுற்றிலும் ஓட்டும். வித்தியாசம் 160 சுற்று. ஃபோர்டின் பத்து கியர் பெட்டியில் உச்ச கியர் 0.63 என்பதால், ஆகப்பெரிய 4.30 அச்சோடும் அதே அளவு டயரில் 1,800 சுற்றைத் தாண்டுவதில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் 3,000 சுற்றைப் பார்த்துப் பிறந்த பயம், இன்று 1,800 சுற்றைப் பார்த்தும் குறையாமல் இருக்கிறது.

சுற்று பத்து சதவீதம் கூடினால் பெட்ரோலும் பத்து சதவீதம் கூடும் என்ற நினைப்பு இதில் ஒளிந்திருக்கிறது. அது அப்படி வேலை செய்வதில்லை. சமதரையில் ஒரே வேகத்தில் போகும் வண்டி காற்றைத் தள்ளவும் டயரை உருட்டவும் செலவிடும் ஆற்றல், அச்சு எதுவானாலும் ஒன்றே. சுற்று கூடும்போது கூடுவது எஞ்சினின் உள் உராய்வும், பாதி மூடிய திராட்டில் வழியாகக் காற்றை உறிஞ்சும் உழைப்பும்தான். மொத்தச் செலவில் அவை ஒரு பங்கு. அந்தப் பங்கில் பத்து சதவீதம் என்பது சிறிய தொகை. வாதத்துக்காக மொத்தத்தில் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி ஆண்டுக்கு 24,000 கிலோமீட்டர் ஓடினால் 4,000 லிட்டர் எரிக்கும். அதில் 3 சதவீதம் 120 லிட்டர், ஏறத்தாழ 32 அமெரிக்க காலன். காலன் மூன்றரை டாலர் விற்றால் ஆண்டுக்கு 110 டாலர். வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே அல்ல. அதுவும் முழு ஓட்டமும் காலி வண்டியாக, நெடுஞ்சாலையில், உச்ச கியரில் நடந்தால் மட்டும். ஊருக்குள் நின்று நின்று போகும்போது, ஏறத்தாழ மூன்று டன் வண்டியைத் திரும்பத் திரும்ப நகர்த்துவதில்தான் பெட்ரோல் போகிறது. அங்கே பெரிய விகிதம் பூட்டிய வண்டி அடுத்த கியருக்குச் சற்று முன்னதாக மாறிக்கொள்கிறது, அவ்வளவே.

இந்தச் சிறிய வித்தியாசத்தை யாரும் அதிகாரபூர்வமாக அளந்து வண்டியின் கண்ணாடியில் ஒட்டுவதும் இல்லை. வண்டியும் சுமையும் சேர்த்து அனுமதித்த மொத்த எடை 8,500 பவுண்டைத் தாண்டிய பிக்கப்புகளுக்கு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மைலேஜ் சீட்டு கட்டாயமல்ல. கனரகப் பிக்கப்புகள் எல்லாம் அந்த வரம்புக்கு மேல். ஆகவே “3.73 எனக்கு இவ்வளவு கொடுக்கிறது, அவருடைய 4.10 அவ்வளவுதான் கொடுக்கிறது” என்ற பேச்சு, வெவ்வேறு டயர், வேகம், காற்று, ஓட்டுநர் எல்லாவற்றையும் ஒரே பல்லின் தலையில் கட்டுகிறது.

ஹெமியில் இன்னொரு சங்கதி உண்டு. பாரம் குறைவாக இருக்கும்போது அந்த எஞ்சின் எட்டு சிலிண்டரில் நான்கை அணைத்துவிட்டு ஓடும். நான்கு சிலிண்டர் தாழ்ந்த சுற்றில் தரக்கூடிய முறுக்குவிசைக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதற்குமேல் கேட்டால் எட்டும் விழித்துக்கொள்ளும். 4.10 அச்சில் அதே வேலைக்கு எஞ்சினிடம் கேட்கப்படும் முறுக்குவிசை பத்தில் ஒரு பங்கு குறைவு. லேசான ஏற்றத்திலும் எதிர்க்காற்றிலும் நான்கு சிலிண்டர் நிலை கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்க இடம் கிடைக்கிறது. சின்ன எண்ணுக்காரர் போடும் மிச்சக் கணக்கில் இந்த வரி இருப்பதே இல்லை.

காலி வண்டியோடு வாதம் முடிந்துவிட்டால் 3.73 சிறு வித்தியாசத்தில் வென்றதாகச் சொல்லிவிடலாம். டிரெய்லர் பூட்டியதும் கணக்கு திரும்புகிறது. வண்டியும் வீட்டு டிரெய்லரும் சேர்ந்து 8 டன், சமதரை, மணிக்கு 105 கிலோமீட்டர் என்று கொள்வோம். பெட்டி போன்ற டிரெய்லரின் முகத்தில் மோதும் காற்றையும் டயர் உருளும் தடையையும் சேர்த்தால் எஞ்சினிடமிருந்து சுமார் 140 குதிரைத்திறன் தேவைப்படும். எட்டாம் கியரில் 3.73 வண்டி இதைத் தர 606 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். ஹெமியின் உச்சமே 582, அதுவும் 4,000 சுற்றில். எட்டாம் கியர் முடியாது. 4.10 வண்டிக்கும் எட்டில் 550க்கு மேல் வேண்டும்; 1,800 சுற்றில் அது கிடைக்காது. இரண்டும் ஏழுக்கு இறங்க வேண்டியதுதான்.

ஏழாம் கியரின் விகிதம் 0.84. அங்கே 3.73 வண்டியின் எஞ்சின் 2,060 சுற்றில் 484 நியூட்டன் மீட்டர் தந்தாக வேண்டும். அந்தச் சுற்றில் அந்த எஞ்சின் தரக்கூடியதன் விளிம்பை ஒட்டிய அளவு அது. எதிரே காற்று கொஞ்சம் எழுந்தாலோ பாலத்தின் மேடு வந்தாலோ பெட்டி ஆறாம் கியருக்கு இறங்கும்: 1.00 விகிதம், 2,450 சுற்று. 4.10 வண்டிக்கோ ஏழாம் கியரில் 2,265 சுற்று, தேவை 440 நியூட்டன் மீட்டர். கையில் மிச்சம் இருப்பதால் அங்கேயே நிலைத்து நிற்கிறது. சுற்றைக் குறைப்பதற்காக வாங்கிய 3.73, இழுக்கும்போது 4.10ஐவிட ஏறத்தாழ 190 சுற்று வேகமாகச் சுழல்கிறது. அதோடு ஏழுக்கும் ஆறுக்கும் இடையே ஓயாமல் மாறிக்கொண்டும் இருக்கிறது.

ஏற்றத்திலும் இதே கதை. அதே 8 டன், ஆறு சதவீதச் சரிவு, கடல் மட்டத்தை ஒட்டிய ஊர், மணிக்கு 96 கிலோமீட்டர். தேவை சுமார் 315 குதிரைத்திறன். நான்காம் கியரில் 3.73 வண்டியின் எஞ்சின் 3,780 சுற்றில் ஏறத்தாழ 307 குதிரைத்திறன் தரும், போதாது. வேகம் சரிய, மூன்றாம் கியருக்கு இறங்கினால் சுற்று 4,750ஐத் தொடும். 4.10 வண்டி நான்கிலேயே 4,160 சுற்றில் 339 தந்து ஏறிவிடும்.

எடையைக் கொஞ்சம் மாற்றினால் முடிவும் மாறும் என்று கூர்ந்து படிப்பவர் மறுக்கலாம். அது நியாயமான மறுப்பு. தேவை 300 குதிரைத்திறன் என்று இறங்கினால் 3.73ம் நான்காம் கியரில் தாங்கும், அப்போது அதன் சுற்றே குறைவு. இரண்டு அச்சுகளின் கியர்ப் படிகளும் ஒன்றுக்கொன்று இடையில் விழுகின்றன. எந்தப் பாரத்துக்கு எந்தப் படி வாய்க்கும் என்பது பாரத்தைப் பொறுத்தது. இங்கே நிறுவப்படுவது 4.10 எப்போதும் மெதுவாகச் சுழலும் என்பதல்ல. “3.73 என்றால் சுற்று குறைவு” என்ற சமன்பாடு காலி வண்டிக்கு மட்டுமே பொருந்தும், பாரம் ஏறிய கணமே உடைந்துவிடும் என்பதுதான்.

எட்டு கியர், பத்து கியர் இருக்கும்போது அச்சு எதற்கு என்ற வாதம்தான் எதிர்த்தரப்பின் பலமான வாதம். 2018 வரை ஹெமி ராமில் இருந்த ஆறு கியர் பெட்டியின் முதல் கியர் 3.23, அதை 4.10ஆல் பெருக்கினால் 13.2. புதிய எட்டு கியர் பெட்டியின் முதல் கியர் 4.71, அதை 3.73ஆல் பெருக்கினால் 17.6. புதிய வண்டி சின்ன அச்சோடும் பழைய வண்டியைவிட வலுவாகக் கிளம்பும். இதில் மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் வாங்குபவர் முன்னால் இருக்கும் தேர்வு பழைய 4.10க்கும் புதிய 3.73க்கும் இடையில் அல்ல. புதிய 3.73க்கும் புதிய 4.10க்கும் இடையில். அங்கே 17.6க்கு எதிரே 19.3 நிற்கிறது.

கியர் எத்தனை கூடினாலும் ரிவர்ஸ் ஒன்றுதான் என்பதும் மறந்துவிடுகிறது. இந்த எட்டு கியர் பெட்டியில் ரிவர்ஸ் 3.3 அளவு, முதல் கியரைவிட வெகுவாகக் குறைவு. கனமான டிரெய்லரை மேடான வீட்டு வழியில் பின்னோக்கி ஏற்றும்போது பெட்டியிடம் மாற்றிக் கொடுக்க வேறு பல்லில்லை. டார்க் கன்வெர்ட்டர் வழுக்கிக்கொண்டே தள்ள, எண்ணெய் சூடேறும். தானியங்கிக் கியர்பாக்ஸுக்குச் சூடே முதல் எதிரி. அங்கே உதவக்கூடியவை அச்சு விகிதமும், நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியானால் அதன் லோ ரேஞ்சும் மட்டும்.

வண்டி செய்யும் நிறுவனங்களே அச்சைப் பொருட்படுத்தாமல் இல்லை. அவற்றின் இழுவை அட்டவணையில் அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ், அதே கேபின் உள்ள வண்டிக்கு, அச்சு விகிதம் மாறும்போது அனுமதி எடை பல நேரங்களில் ஆயிரக்கணக்கான பவுண்டு கூடுகிறது. இந்த அட்டவணைகளுக்கு அடிப்படையான எஸ்.ஏ.இ. ஜே2807 தரம் அரிசோனாவின் 68ஆம் எண் நெடுஞ்சாலையில் உள்ள டேவிஸ் டேம் ஏற்றத்தை அளவுகோலாகக் கொள்கிறது. 38 டிகிரி வெயிலில், ஏ.சி.யை முழுக்க ஓடவிட்டு, 18 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த ஏற்றத்தில், பின் அச்சில் பக்கத்துக்கு ஒரு சக்கரம் மட்டும் கொண்ட வண்டி மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. 12 சதவீதச் சரிவில் நின்ற நிலையிலிருந்து முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்பக் கிளம்பியும் காட்ட வேண்டும். கியர்கள் அதிகமாகிவிட்டதால் அச்சு பொருட்டில்லை என்பது உண்மையானால், அட்டவணையில் இரண்டு அச்சுக்கும் ஒரே எண் இருக்க வேண்டும்.

சின்ன எண் மோகத்துக்கு இன்னொரு ஊற்று டீசல். கம்மின்ஸ் டீசல் ஓட்டுபவர் 3.42, 3.73 அச்சில் மலையேறுவதைப் பார்த்து, பெட்ரோல் வாங்குபவரும் அதையே கேட்கிறார். ராம் 3500 வண்டியில் வரும் உயர்திறன் கம்மின்ஸ் 2019இல் 1,800 சுற்றிலேயே 1,356 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. அந்தச் சுற்றில் அது சுமார் 340 குதிரைத்திறன். ஹெமி அதே 340ஐ எட்ட ஏறத்தாழ 4,200 சுற்று வேண்டும். டீசல் தாழ்ந்த சுற்றில் உழைப்பது. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் சுற்றினால்தான் உழைக்கும். ஒன்றுக்குப் பொருந்தும் அச்சை இன்னொன்றுக்குப் பூட்டினால், எஞ்சின் தன் பலம் இருக்கும் இடத்துக்குப் போக முடியாமல் திணறும்.

உயரம் இந்த வேறுபாட்டைப் பெரிதாக்குகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீதத் திறனை இழக்கும். கொலராடோவில் 70ஆம் எண் இன்டர்ஸ்டேட்டில் ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. அதை நெருங்கும் சரிவு 7 சதவீதம் வரை போகும். அங்கே ஹெமி தன் திறனில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இழந்துவிடும். கீழே 3.73 போதுமானதாக இருந்த அதே டிரெய்லர் மேலே போகும்போது போதாததாகிறது. மேற்கு மாநிலங்களில் இழுப்பவர் கடல் மட்டத்து எண்ணை வைத்து அச்சைத் தேர்ந்தெடுப்பது வீண். இறங்கும்போதும் டீசலுக்கு எக்ஸாஸ்ட் பிரேக் உண்டு; பெட்ரோல் வண்டிக்கு எஞ்சினின் சுற்றே பிரேக். ஒரே கியரில் 4.10 தரும் பத்து சதவீதம் கூடுதலான பிடிப்பு, காலால் மிதிக்கும் பிரேக்கைச் சூடாகாமல் காக்கும்.

4,000 சுற்று எஞ்சினைத் தின்றுவிடும் என்ற அச்சமும் டீசல் காதால் பெட்ரோலைக் கேட்பதால் வருவது. ஹெமியின் உச்சத் திறன் 5,600 சுற்றில் கிடைக்கிறது, ஃபோர்டின் 7.3 லிட்டருக்கு 5,500. ஏற்றத்தில் சில நிமிடம் 4,200 சுற்றில் கத்துவது அவற்றுக்கு வழக்கமான வேலை. 1,700 சுற்றில் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துத் தவிக்கவிடுவதில்தான் நாக்கிங்கும், கியர் தேடலும், சூடும் வருகின்றன. சத்தம் காதுக்குத்தான் கஷ்டம்.

பத்துப் பல் பினியன் பதினொரு பல் பினியனைவிடச் சிறியது, ஆகவே பலவீனம் என்றும் ஒரு வாதம் உண்டு. கோட்பாட்டளவில் சரி. ஆனால் பெட்ரோல் ராம் 2500 வண்டியின் கீழே இருப்பது 11.5 அங்குலக் கிரவுன் வீல் கொண்ட அச்சு. அதே குடும்பத்து அச்சு, பெட்ரோல் எஞ்சினைப்போல் இரு மடங்கு முறுக்குவிசை தரும் டீசலுக்குப் பின்னாலும் உழைக்கிறது. பெட்ரோல் வண்டியில் அந்தப் பினியனுக்குச் சிரமம் கொடுக்க ஹெமியால் ஆகாது. சகதிக்கும் பாறைக்கும் என்றே விற்கப்படும் ராம் பவர் வேகன் 4.10 அச்சோடுதான் வருகிறது.

இங்கே ஜெனரல் மோட்டார்ஸைக் காட்டி மடக்கப் பார்ப்பவர் உண்டு. 2020இல் வந்த 6.6 லிட்டர் பெட்ரோல் சில்வராடோ கனரக வண்டிக்கு அந்த நிறுவனம் 3.73 மட்டுமே கொடுத்தது. அதற்கு முந்தைய 6.0 லிட்டருக்கு 4.10 கொடுத்துவந்த அதே நிறுவனம். பெரிய எண் தேவையே இல்லை என்பதற்கு இது சாட்சி இல்லையா? எஞ்சினைப் பார்த்தால் விடை கிடைக்கும். பழைய 6.0 லிட்டரின் உச்ச முறுக்குவிசை 515 நியூட்டன் மீட்டர்; புதியதன் உச்சம் 629. இருபது சதவீதத்துக்கு மேல் கூடிய எஞ்சினுக்கு அச்சில் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுக்க முடிந்தது. ஹெமியோடு ஒப்பிட்டாலும் அது எட்டு சதவீதம் கூடுதல். அதாவது சில்வராடோவின் 3.73, சக்கரத்தில் கொடுக்கும் இழுவையில் ராமின் 4.10ஐ நெருங்குகிறது. அச்சு எண்ணை எஞ்சினிலிருந்து பிரித்து ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குத் தூக்கிச் செல்ல முடியாது. ஃபோர்டின் 7.3 லிட்டர் 640 நியூட்டன் மீட்டருக்கு மேல் தருவதால், அதில் 3.73 எடுப்பவர் ஹெமியில் அதையே எடுப்பவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார். கனமாக இழுப்பவருக்கு அங்கேயும் 4.30தான்.

டயரை மாற்றுபவர் தன் அச்சையும் தெரியாமலே மாற்றிவிடுகிறார். 33 அங்குலத்தைக் கழற்றி 35 அங்குலம் போட்டால் 3.73 அச்சு 3.52 போல நடந்துகொள்ளும். 37 அங்குலம் போட்டால் 3.33 போல. அந்த வண்டிகள்தான் பிறகு “பெட்ரோல் எஞ்சினுக்கு இழுவையே இல்லை” என்ற குறையோடு வருகின்றன. டயர் பெரிதாகப் போகிறது என்று முன்பே தெரிந்தால் 4.10ஐவிடச் சின்ன எண்ணை யோசிக்கவே வேண்டியதில்லை.

3.73 யாருக்கும் ஆகாது என்பதல்ல. பெரும்பாலும் காலியாக, சமவெளி நெடுஞ்சாலையில், எப்போதாவது இரண்டு டன் படகு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போகிறவருக்கு அது சரியான அச்சு. பின்தட்டில் பாரம் ஏற்றி டிரெய்லரே பூட்டாத பண்ணை வண்டிக்கும் போதும். அவர்களில் பலருக்குக் கனரகப் பிக்கப்பே தேவையா என்பது வேறு கேள்வி. “அரை டன்” எனப்படும் இலகு வகைப் பிக்கப் அந்த வேலையைக் குறைந்த பெட்ரோலில் செய்யும். மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட டிரெய்லரை வாடிக்கையாக இழுப்பதற்காகவே கனரக வண்டிக்குப் பணம் கொடுப்பவர், சின்ன எண்ணைக் கேட்டு வாங்குவதில்தான் முரண் இருக்கிறது.

தவறாகத் தேர்ந்தெடுத்தால் திருத்தும் செலவும் இரு பக்கமும் சமமாக இல்லை. புது வண்டிக்கு ஆர்டர் கொடுக்கும்போது பெரிய விகிதத்துக்கான கூடுதல் விலை சில நூறு டாலருக்குள் முடியும். வாங்கிய பிறகு மாற்ற வேண்டுமானால் கிரவுன்-பினியன் ஜோடியை மாற்றி, பேரிங் போட்டு, பல் பதிவைச் சரிபார்த்துப் பொருத்த வேண்டும். நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில் முன் அச்சும் அதே விகிதத்தில் இருந்தாக வேண்டும் என்பதால் வேலை இரட்டிப்பு. கணக்கு ஆயிரக்கணக்கில் டாலராகும். கம்ப்யூட்டருக்கும் புது விகிதத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேகமானியும் கியர் மாறும் நேரமும் பிசகும்.

பழைய வண்டி வாங்குபவர் விற்பவரின் வாயை நம்ப வேண்டியதில்லை. ஃபோர்டில் ஓட்டுநர் கதவுச் சட்டத்திலுள்ள சீட்டில் அச்சுக் குறியீடு இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியின் குறியீட்டுப் பட்டியலில் ஜி.டி.4 என்றால் 3.73, ஜி.டி.5 என்றால் 4.10. சீட்டு கிழிந்திருந்தால் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, இரு பின் சக்கரங்களையும் ஒன்றாக ஒரு முழுச் சுற்று சுற்றவிட்டு, புரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் இட்ட கோடு எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணலாம். நான்காவது சுற்றை முடித்து இன்னும் சற்றுத் தாண்டி நின்றால் 4.10, நான்காவது சுற்றை முடிக்காமல் கால் சுற்றுக்கு மேல் பாக்கி வைத்து நின்றால் 3.73.